ஐஸ் கம்பெனி வாசலில் ஒருசந்தி

சர்க்கரை போடாத டீயை முழுசாகக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லி எழுந்து போகிற மனிதனை என்ன செய்ய முடியும்? தவக்காலம் வந்தால் ஐஸ்காரரை நான் அப்படித்தான் சோதிப்பேன். மற்றவர்கள் கறியை விடுவார்கள், சிகரெட்டை விடுவார்கள், விட்டதைப் பற்றி நாள் முழுக்கப் பேசி நம் உயிரை வாங்குவார்கள். ஐஸ்காரர் விட்டது குறை சொல்வதை. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து என் கடை பெஞ்சில் உட்காருவார். அதிலிருந்து ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் நாற்பது நாளும் யார் மேலும் எதன் மேலும் அவர் வாயிலிருந்து ஒரு குறை வராது. பஸ் நிற்காமல் போனாலும் சரி, செருப்பு அறுந்தாலும் சரி. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் நேர்ந்துகொண்டதாம், ஒரு தவக்காலமும் தவறியதில்லை.

ஐஸ் கம்பெனி கேட்டுக்கு எதிரே என் டீக்கடை. ஐஸ்காரருக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. என் வீட்டுக்கும் ஐஸ்காரர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதனால் அந்த வீட்டுச் சண்டையில் பாதி எனக்கும் சொந்தம். சண்டை என்றாலும் பேசுவது ஒரு ஆள்தான். அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தலையணை உறையும் தைப்பாள். மெஷின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பேசி அவள் குரல் தெருவுக்கே பழகிப்போனது. அவள் தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பாள். மதியம் ஒரு வேளைச் சாப்பாடு, மற்றபடி தண்ணீர். வயிற்றைக் கட்டினாளே தவிர வாயைக் கட்டியதாக எனக்கு நினைவில்லை.

கம்பெனிக்குள் நான் டீ கொண்டுபோவதால் எனக்கு அந்த இடம் தெரியும். பெரிய கொட்டகை. தரைக்குக் கீழே உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதற்குள் வரிசை வரிசையாகத் தகர டின்கள், டின்னுக்குள் நல்ல தண்ணீர். அமோனியாக் குழாய்கள் உப்புத்தண்ணீரைக் குளிர வைக்க வைக்க, டின் தண்ணீர் உறைந்து பாறையாகும். சங்கிலி போட்டுத் தூக்கி, வெந்நீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொக்கியால் இழுத்துச் சரிவில் தள்ள வேண்டும். வெளியே வெயில் எவ்வளவு அடித்தாலும் உள்ளே விரல் மரத்துப்போகும். அங்கே முதுகு நிமிர்ந்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

தொட்டிக்கு மேலே போகிற அமோனியாக் குழாயில் ஒரு மூட்டு வெகுநாளாகக் கசிந்துகொண்டிருந்தது. லாரி டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி, இழுத்துச் சுற்றி, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கசிந்தால் மேலே இன்னொரு பட்டை. நாங்கள் அதைப் பெரிய கட்டு என்போம், தலையில் அடிபட்டவனைச் சொல்கிற மாதிரி. தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் அந்தக் கட்டு பிய்த்துக்கொண்டது. எல்லோரும் ஓடி வெளியே வந்துவிட்டார்கள். கீழே நின்ற ஐஸ்காரர் மட்டும் வால்வை மூடிவிட்டு வரலாம் என்று ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். மூடிவிட்டார். தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர் பழைய ஐஸ்காரர் இல்லை. கண் இரண்டும் பழுத்த சிவப்பு. வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரை நடப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவார். கோயிலில் பைபிள் வாசித்த குரல் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார். அவர் இடத்தில் மகளை வேலைக்கும் எடுத்துக்கொண்டார். ஊரே முதலாளியைப் புகழ்ந்தது, நானும் சேர்ந்து புகழ்ந்தேன். அந்தப் பெண் தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, அப்பாவின் கொக்கியையே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மகளின் தலைத்துணியைத் துவைக்க எடுத்தபோதுதான் தையல்காரிக்கு விஷயம் தெரிந்தது. முகர்ந்து பார்த்திருக்கிறாள். அந்த அமோனியா நெடியை அவள் மறந்திருப்பாளா? மகளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டதில் எல்லாம் வந்தது. குழாயை மாற்றவில்லை. அதே மூட்டு, அதே டியூப் பட்டை, புதுசாகச் சுற்றியிருக்கிறார்கள். மகள் நிற்பது அதற்கு நேர் கீழே.

அன்றைக்குக் கிளம்பியவள்தான். மெஷின் மேல் துணியைப் போட்டு மூடினாள், தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். மேனேஜரைப் பார்த்தாள், முதலாளி வீட்டு வாசலில் நின்றாள், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்திருந்த ஃபாதர் பிரசங்கத்தில், வயிற்றைக் கட்டினால் மட்டும் போதாது, பக்கத்தில் இருப்பவனுக்காக வாயையும் திறக்க வேண்டும், அதுவும் தவம்தான் என்று சொல்லிவைத்தார். சும்மாவே ஆடுகிறவளுக்கு அது சலங்கையாகிப்போனது.

கடைசியில் ஆய்வாளர் ஐஸ்காரர் வீட்டுக்கே வந்தார். மேனேஜரும் கூட வந்தார். உட்கார நாற்காலி என் கடையிலிருந்துதான் போனது, டீயும்தான். ஆய்வாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஆனால் அவசரத்தில் இருந்தார். அடிபட்ட ஆளே வாயால் சொல்ல வேண்டும், அதுதான் விதி என்றார். கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்த ஐஸ்காரரைப் பார்த்து, எல்லா இடத்திலும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"பெரியவரே, கம்பெனி மேல உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

அவர் வேறு எந்த வார்த்தையைப் போட்டுக் கேட்டிருந்தாலும் விஷயம் வேறு மாதிரிப் போயிருக்கும். கசிவு உண்டா என்று கேட்டிருக்கலாம். குழாய் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். குறை இருக்கா என்று கேட்டுவிட்டார். ஐஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் டம்ளரை வைக்கக்கூட மறந்து நின்றேன்.

"யார் மேலயும் எனக்குக் குறை இல்லைங்க."

ஆய்வாளர் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். தையல்காரி குறுக்கே வந்தாள். அவர் நேர்ந்திருக்கிறார், தவக்காலத்தில் அவர் வாயிலிருந்து எந்தக் குறையும் வராது, வீட்டில் உப்பில்லாமல் வைத்தாலும் சொல்லமாட்டார் என்று சொல்லிப் பார்த்தாள். ஆய்வாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பாஸ்கா கழிச்சு வந்து இதே கேள்வியைக் கேளுங்க சார். வேற பதில் வரும்" என்றாள்.

மேனேஜர் சிரித்துவிட்டார். ஆய்வாளரும் சிரிக்கத்தான் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவரே சொல்லிட்டாரேம்மா, நான் என்ன செய்ய என்று எழுந்தார். டீயை யாரும் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"நீங்க வாயைக் கட்டினா அது உங்க புண்ணியம். குழாய்க்குக் கீழ நிக்கிறது யாரு?"

அவர் ஏதோ முனகினார். கடவுளிடம் சொன்ன வார்த்தை என்றிருப்பார்.

"கசியற குழாயைக் கசியுதுன்னு சொல்றது குறை சொல்றதா? தண்ணி நனைக்குதுன்னு சொன்னா தண்ணியைத் திட்டினதாயிடுமா?"

முதலாளி செய்ததை நினைத்துப் பார், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார், பிள்ளைக்கு வேலை கொடுத்தார் என்று அவர் இழுத்து இழுத்துச் சொன்னது கேட்டது.

"என்ன வேலை கொடுத்தாரு? உங்களைப் படுக்க வச்ச அதே இடத்தைக் கொடுத்தாரு. இது தவம் இல்லைங்க, பயம். பயத்துக்குச் சாம்பல் பூசி வச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு அவர் இருமல் மட்டும் கேட்டது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அழுதிருந்தால் சத்தமில்லாமல் அழுதிருக்கிறாள். அவள் சத்தமில்லாமல் ஒன்றைச் செய்வாள் என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை ஷிஃப்ட்டுக்கு முன்னாலேயே கம்பெனி கேட் ஓரம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். ஒருசந்தியின் அந்த ஒரு வேளையும் இனி இல்லை, குழாயை மாற்றுகிற வரைக்கும் தண்ணீர்தான் என்றாள். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் குழாயைப் பற்றிச் சொன்னாள். சிலர் நின்று கேட்டார்கள். சிலர் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மகளும் வந்தாள். வேலையை விட்டால் அப்பாவின் மருந்துக்கு வழியில்லை என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். மகள் துணியை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இதை எப்படி அடக்குவது என்று மேனேஜர் யோசித்திருப்பார். நான் போலீஸ் வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரு குடை. வெயிலில் அம்மா வாடக் கூடாது என்று முதலாளியே சொல்லி அனுப்பியதாம். பெரிய குடையை நட்டு, கீழே நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தார்கள். பின்னால் மதில் சுவரில் ஒரு போர்டு மாட்டினார்கள். 'தவக்கால உபவாச ஜெபம். அமைதி காக்கவும்.'

அவ்வளவுதான், காரியம் முடிந்தது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் போனார்கள். ஒருத்தி மகனுக்கு விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னாள். இன்னொருத்தி காய்ச்சல் குழந்தையைக் கொண்டுவந்து தலையில் கை வைக்கச் சொன்னாள். யாரோ பூ வைத்துவிட்டுப் போனார்கள். அவள் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். என்ன தாழ்மை பாருங்கள் என்றார்கள்.

"குழாயை மாத்தணும். உள்ள இருக்கிற பிள்ளைங்க செத்துப்போயிடும்" என்று அவள் கத்தினாள்.

"ஆமென்" என்றார்கள்.

சிரிக்காதீர்கள். நான் சிரித்தேன், பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நாள் ஆக ஆக அவள் குரல் கம்மியது. உதடு வெடித்தது. முன்னால் அவள் கத்தினால் என் கடைவரை கேட்கும். இப்போது தெருவைக் கடந்து போய்க் குனிந்தால்தான் கேட்கிறது. ஃபாதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவர் உட்கார்ந்ததும் அது இன்னும் கோயிலாகிவிட்டது. பாவம், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்தபோது அவள் கண் இரண்டும் அப்பாவின் கண் மாதிரி இருந்தது. பழைய பட்டை மேல் இன்னொரு பட்டை சுற்றினார்களாம், சுற்றும்போது கொஞ்சம் கெட்ட காற்று வெளியே வந்ததாம். அம்மாவை எழுப்பித் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பேரில் யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

வீட்டில் தையல்காரி சண்டை போடவில்லை. களைத்துப்போன குரலில் புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் இப்ப என்ன பண்ணினா இது உபவாசம் இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும்? செத்தாலும் புனிதைன்னுதானே சொல்லுவாங்க?"

ஐஸ்காரரின் கட்டில் கிரீச்சிடுவது சுவர் வழியாகக் கேட்டது, எழுந்து உட்கார்ந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். மகளுக்கு அன்று மதிய ஷிஃப்ட். முற்பகலில் நான் பால் வாங்கப் போனபோது கறிக்கடை வாசலில் ஐஸ்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கறிக்கடைக்காரர் எங்கள் கோயில் ஆள்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் யாரும் கறி தொடமாட்டார்கள், அவருக்கு ஈ ஓட்டுகிற நாள். விருந்தாளியா அண்ணே என்று கேட்டிருக்கிறார். இல்லை, வீட்டுக்குத்தான் என்று இவர் சொல்லியிருக்கிறார். கறிக்கடைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பால் பாத்திரத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கெட்ட காற்று தலைக்கு ஏறிவிடும் என்று சொன்னார்களே, அதுதானோ என்று நினைத்துக்கொண்டேன்.

மதிய ஷிஃப்ட்டுக்கு ஆட்கள் கேட்டில் கூடுகிற நேரத்தில் அவர் வந்தார். வீட்டிலிருந்து என் கடைவரைக்கும் நின்று நின்று வந்து, என் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுபடி எழுந்து தெருவைக் கடந்தார். கையில் டிபன் பாக்ஸ். நான் பின்னாலேயே போனேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். சோறும் கறியும். மசாலா வாசனை குடைக்குக் கீழே பரவியது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"சாப்பிடு" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள், டிபன் பாக்ஸைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எத்தனை வருஷ ஒருசந்தி அவளுக்கு. வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டாள். ஒரு துண்டை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாயில் போட்டு மென்றாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. விழுங்க முடியாமல் விழுங்கினாள். கூட்டத்தில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். அம்மா, இது என்ன, போர்டு போட்டு வைத்திருக்கிறோமே என்றார்.

"உங்க போர்டுக்கு நான் உபவாசம் இருக்கல" என்றாள் வாயில் சோற்றோடு.

ஐஸ்காரர் குடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூட்டம் நெருங்கி வந்தது. அவர் குரலுக்கு நெருங்கித்தான் வர வேண்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வந்து நின்றது.

"யாரையும் குறை சொல்லக் கூடாதுன்னு நேர்ந்திருக்கேன். என்னைச் சொல்லலாம்ல. அந்த மூட்டைக் கட்டினது நான். டியூப் வெட்டிக் கட்டினது, மேல மேல சுத்தினது, எல்லாம் நான்தான். தாங்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே கட்டினேன். என் பிள்ளை இப்ப அதுக்குக் கீழ நிக்குது."

இதை அவர் அதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். மேனேஜர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பாருங்கள், அவரே ஒப்புக்கொள்கிறார், தப்பு அவர் தப்பு, கம்பெனி என்ன செய்யும் என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

ஐஸ்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் முகத்துக்கு நேரே நின்றேன், அதனால் சொல்கிறேன். வால்வை மூட ஏறியபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு பயம் இருந்திருக்காது.

"கட்டச் சொன்னது நீங்க" என்றார். "குழாய் மாத்தணும்னு நான் கேட்டேன். கட்டுன்னு சொன்னீங்க. மறுபடி கேட்டேன். வேலை வேணுமா வேணாமான்னு கேட்டீங்க. முதலாளியும் பக்கத்துல இருந்தாரு. எனக்கு உங்க மேல குறை இருக்கு. அவர் மேலயும் இருக்கு."

சொல்லி முடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடவுளிடம் கொடுத்த வார்த்தையை உடைத்தவர் உடம்பு எப்படி நடுங்கும் என்று அன்று பார்த்தேன். தையல்காரி சோற்றுக் கையாலேயே அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சங்கு ஊதியது. உள்ளே வருகிறவர்கள் வரலாம், வராதவர்கள் நாளைக்கும் வர வேண்டாம் என்று மேனேஜர் சத்தம் போட்டார். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கிழவர் முதலில் நகர்ந்தார், பிறகு இன்னொருவர், பிறகு எல்லோரும். குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மகள் மட்டும் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு அம்மா அப்பாவுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து, டிபன் பாக்ஸில் கை வைத்தாள்.

உள்ளே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. மகள் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள்.

"என் இடத்துல இன்னைக்கு யாரும்மா நிப்பாங்க?"

தையல்காரி கையில் எடுத்த சோற்றை டிபன் பாக்ஸிலேயே போட்டாள். ஐஸ்காரர் தரையில் கையை ஊன்றி எழுந்தார், கேட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வெளியே கூப்பிட ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அவர் சொல்லச் சொல்ல, தையல்காரி கம்மிய தொண்டையை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைக் கத்தினாள், மகளும் கத்தினாள். முதல் பெயர், கடைசியாக உள்ளே போன பெண்ணுடையது. கம்ப்ரஸர் சத்தத்தில் அது கொட்டகைவரை போயிருக்காது. ஐஸ்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த பெயரைச் சொன்னார். மகளுடைய குரலும் கம்ம ஆரம்பித்தபோது நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கத்தினேன்.